ஒரு மணி நேரக் குளிர்காலம்

சுரண்டையில் குளிர்காலம் வந்துவிட்டதை உடம்பு சொல்லாது, அவரைக்கொடிதான் சொல்லும். மார்கழிப் பின்னிரவில்கூட வெப்பம் இருபது டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். துண்டைத் தலையில் முக்காடாகக் கட்டிக்கொண்டு டீக்கடைக்கு வருகிறவர்கள் குளிருக்காகக் கட்டுகிறார்களா, மார்கழிக்கு மரியாதையாகக் கட்டுகிறார்களா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. இலையுதிர்வும் கிடையாது. வேம்பு உதிர்ப்பது மாசிக்கு மேல். அது கோடைக்கான ஆயத்தம், குளிருக்கானதல்ல. ஆண்டை ஆறு பருவமாகப் பகுத்த பழைய இலக்கணக்காரர்கள் ஐப்பசி கார்த்திகையைக் கூதிர் என்றும் மார்கழி தையை முன்பனி என்றும் பிரித்து வைத்தார்கள். இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே ஓடுகிறது என்று புறவாசலில் நின்று அண்ணாந்து பார்த்தால் ஒன்றும் தெரிவதில்லை. பந்தலைப் பார்த்தால் தெரியும்.

ஆடியில் ஊன்றிய பந்தல் அவரை, ஆவணி முழுக்கவும் புரட்டாசி முழுக்கவும் வெறும் கொடியும் இலையுமாகத்தான் நிற்கும். பந்தலை மூடி, பக்கத்து முருங்கையில் ஏறி, துணி காயப்போடும் கம்பியையும் பிடித்துக்கொள்ளும். ஒரு மொட்டு இருக்காது. புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் பதறிப்போய் உரக்கடைக்கு ஓடுவார்கள். கடைக்காரரும் ஏதோ ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுப்பார். ஐப்பசி நடுவில் ஒரு காலை, இலைக்கு மேலே ஊதா நிறத்தில் பூங்குச்சிகள் நிமிர்ந்து நிற்கும். கார்த்திகையில் பிஞ்சு, மார்கழியில் கை கொள்ளாத காய். பாட்டில் வாங்கியவர், பாட்டில் வேலை செய்துவிட்டது என்று அடுத்த வருஷமும் வாங்குவார்.

வேலை செய்தது இரவு. ஏறக்குறைய ஒன்பதாவது பாகையில் இருக்கிற ஊர் எங்களுடையது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ ஒரு மணி நேரம். லண்டனில் ஜூன் மாதத்துப் பகல் பதினாறரை மணி நேரம், டிசம்பரில் எட்டு மணி நேரம்கூட இல்லை. அங்கே பருவம் மாறுவதை மாடும் அறியும் மனிதனும் அறிவான். இங்கே ஆறு மாதத்தில் பரவிக் கிடக்கும் அந்த ஒரு மணி நேரத்தை நாம் கவனிப்பதே இல்லை. கடிகாரம் பார்க்கத் தெரியாத ஒரு கொடி, நாளுக்கு அரை நிமிஷம்கூடத் தேறாத அந்த மாற்றத்தைக் கூட்டிக் கூட்டி வைத்திருந்து, இனிப் பூக்கலாம் என்று முடிவு செய்கிறது.

தென்காசிப் பக்கம் வருகிற வெளியூர்க்காரர்களுக்கு இந்த மாதங்கள் கணக்கிலேயே கிடையாது. அவர்களுடைய தென்காசி, ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை குற்றாலத்தில் இருக்கிறது. அப்படியே சுந்தரபாண்டியபுரத்துக்கு வந்து சூரியகாந்தி வயலில் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். குற்றாலத்துக்குச் சாரல் என்றால் எங்களுக்கு அந்த நாட்களில் காற்று. ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று மலையடிவாரத்தில் ஈரத்தை இறக்கி வைத்துவிட்டுக் கிழக்கே வெறுங்கையோடு வரும். இந்தப் பக்கம் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. வாழை இலை நார் நாராகக் கிழியும், பப்பாளி சாயும், கட்டின பந்தல் ஒரு பக்கமாக உட்காரும். ஆடியில் தோட்டக்காரன் செய்யக்கூடியது விதையை ஊன்றுவதும் முட்டுக் கொடுப்பதும்தான். தோட்டம் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்று ஆரம்பிப்பது, புரட்டாசிக் கடைசியில் காற்று திசை மாறி வாடை இறங்கின பிறகு. இலையுதிர் காலத்தில் தோட்டத்தை மூடி உறங்க வைக்கிற தேசங்கள் இருக்கின்றன. எங்களுக்கு அதே மாதங்களில் கடை திறக்கிறது.

தாவரம் இரவை அளக்கிறது என்பதைக் கண்டுபிடித்த கதையும் ஒரு தோட்டக் குழப்பத்தில் ஆரம்பித்ததுதான். அமெரிக்க வேளாண்மைத் துறையில் கார்னர், அல்லார்ட் என்று இரண்டு பேர். மேரிலாண்டு மாம்மத் என்ற புகையிலை ரகம் அவர்களைப் படுத்தி எடுத்துக்கொண்டிருந்தது. கோடை முழுக்க ஆள் உயரத்துக்கு மேல் வளரும், பூக்காது. விதை எடுக்க வழியில்லை. அதையே கண்ணாடி வீட்டுக்குள் வைத்தால் குளிர்காலத்தில் சின்னச் செடியாக இருக்கும்போதே பூத்துவிடும். வெப்பம், ஈரம், உரம் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்து, கடைசியில் 1918 கோடையில் நாய்க்கூண்டு மாதிரி ஓர் இருட்டுக் கொட்டகை கட்டினார்கள். வெயில் இருக்கும்போதே சாயங்காலம் தொட்டிகளை அதற்குள் தள்ளி, காலையில் நேரம் கழித்து வெளியே எடுத்தார்கள். பொய் இரவுதான். புகையிலை அதை நம்பிப் பூத்தது. உடன் வைத்த சோயாவும் நம்பியது. 1920-இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். பகலின் நீளத்தைவிடத் தொடர்ச்சியான இருட்டின் நீளமே முக்கியம் என்பது 1938-இல் ஹாம்னர், பானர் என்ற இருவர் செய்த சோதனையில் தெளிவானது. நீண்ட இரவின் நடுவில் கொஞ்ச நேரம் விளக்கைப் போட்டால் போதும், செடி அதை இரண்டு சின்ன இரவுகளாக எண்ணிக்கொண்டு பூக்காமல் இருந்துவிடும். அவர்கள் எடுத்துக்கொண்ட செடி வேறெதுவும் இல்லை, நம் குளத்தங்கரையில் வேட்டி ஓரத்தில் முள்ளுக்காயாக ஒட்டிக்கொண்டு வருகிற மருளூமத்தை. இத்தனை காலம் பிய்த்துப் பிய்த்து எறிந்த காயின் மேல் எனக்கு அதைப் படித்த பிறகு கொஞ்சம் மரியாதை வந்தது.

இந்தச் சோதனையை எங்கள் புறவாசலில் ஒரு தெருவிளக்கு வருஷம்தோறும் இலவசமாக நடத்திக் காட்டுகிறது. சுற்றுச்சுவருக்கு வெளியே, பந்தலின் கிழக்கு மூலைக்கு நேர் மேலே, வெள்ளை எல்இடி. அந்த மூலைக் கொடியில் இலை மற்ற இடத்தைவிடக் கரும்பச்சை, தண்டு தடிமன், பார்க்கிறவர்கள் அதைத்தான் முதலில் புகழ்வார்கள். காய் மட்டும் கிடையாது. விளக்கின் வட்டம் எங்கே முடிகிறதோ அங்கிருந்து பூ ஆரம்பிக்கும். வெளிச்சத்தின் விளிம்பைப் பந்தல் மேல் ஊதாவால் கோடு போட்டுக் காட்டின மாதிரி இருக்கும். அமெரிக்காவின் சோயா வயல்களில், மற்றதெல்லாம் பழுத்து அறுவடைக்கு நிற்கும்போது சாலை விளக்குக்குக் கீழே மட்டும் வட்டமாகப் பச்சை நிற்பது அங்குள்ள விவசாயிகளுக்குப் பழகின காட்சி.

டொராண்டோவில் இருக்கிற உறவினர் ஒருவர் ஊருக்கு வந்தபோது இதே அவரை விதையைக் கொண்டுபோய் ஸ்கார்பரோவில் வீட்டுக்குப் பின்னால் போட்டார். கொடி வேலியைத் தாண்டி வளர்ந்ததாகப் படங்கள் வந்தன. அவருக்கு அங்கே ஜூன் மாதத்துப் பகல் பதினைந்தரை மணி நேரம். சுரண்டை விதைக்கு அந்தப் பகல் ஒரு நாளும் முடியவில்லை. செப்டம்பரில் இரவு நீண்டு, அது நிதானமாகப் பூங்குச்சி எடுத்தபோது அக்டோபர் உறைபனி வந்து ஒரே இரவில் கறுத்துத் தொங்கியது. இந்தக் கொடிக்கு நீண்ட இரவும் வேண்டும், அந்த இரவு குளிராமலும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைக்கும் நிலம் பூமியில் ஒரு பட்டைதான். அதில் குடியிருந்துகொண்டு நமக்குக் குளிர்காலம் இல்லையே என்று குறைப்படுகிறோம்.

அவரை மேலே காட்டுவதைச் சிறுகிழங்கு கீழே செய்கிறது. தென்காசி வட்டாரத்துக்கு வெளியே இதைத் தெரிந்தவர்கள் குறைவு. மலையாளத்தில் கூர்க்கா என்பார்கள். பாவூர்ச்சத்திரம், கடையம், சுரண்டைப் பக்கம் வயலாகவே போடுகிற பயிர். விளைச்சலில் பெரும் பங்கு புளியரை வழியாகக் கேரளத்துக்குப் போகும். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த செடி. துளசிக் குடும்பம், கற்பூரவள்ளிக்கு நெருங்கிய சொந்தம். கிள்ளி முகர்ந்தால் அந்த உறவு தெரியும். ஆனியில் போன வருஷத்துக் கிழங்கை நாற்றங்காலில் புதைத்து, ஆவணியில் அதன் கொடியைச் சாண் நீளத்துக்கு நறுக்கிப் பாரில் நடுவார்கள். வீட்டுத் தோட்டத்தில் நாலு பார் போட்டால் பொங்கலுக்குப் போதும். சுற்றி நாலு வீட்டுக்குக் கொடுக்கவும் ஆகும்.

நட்டபின் ஒன்றரை மாதத்தில் களை எடுத்து மண் அணைக்க வேண்டும். ஐப்பசி மழைக்கு இடையில் இரண்டு நாள் வெறிக்கும் அல்லவா, அதுதான் நேரம். மம்பட்டியால் பாரின் இரு பக்கமும் மண்ணை இழுத்து, ஓடின கொடியின் கணுக்கள் மூடும்படி ஏற்றிவிட வேண்டும். அதற்குப் பிறகு இந்தச் செடிக்கு நாம் செய்யக்கூடிய பெரிய உபகாரம் சும்மா இருப்பது. இரவு நீளும்போதுதான் அதுவும் கிழங்கு பிடிக்கிறது. அதுவரை இலையில் சேர்த்ததையெல்லாம் கீழே இறக்க ஆரம்பிக்கும். மேலே பார்ப்பவனுக்கு ஒரு மாற்றமும் தெரியாது என்பதால் கைக்கு அரிக்கும். பாரின் ஓரத்தில் மண்ணை விலக்கி, பட்டாணி அளவுக்கு வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆச்சி குரல் கொடுத்தாள்.

"எய்யா, மண்ணக் கிண்டிக் கிண்டிப் பாக்காதய்யா. புள்ளத்தாச்சி வயித்தத் தோண்டியா பாக்காவ?"

"இல்ல ஆச்சி, பிடிச்சிருக்கான்னு..."

"பிடிக்கும், பிடிக்கும். அதுக்குத் தெரியாதா?"

அவளுடைய பாரில் விளக்கு வெளிச்சம் படுவதில்லை. அவளுக்கு கார்னரும் அல்லார்டும் தேவைப்படவும் இல்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும்: ஆடிப்பட்டம் என்று ஊர் வைத்திருக்கிற கணக்கு மழையை மட்டும் வைத்துப் போட்டதாக நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். கொடி தழைக்க இரண்டு மூன்று மாதம் நீண்ட பகல், அப்புறம் காய்க்கவும் கிழங்கு பிடிக்கவும் நீண்ட இரவு என்று பார்த்தால் ஆடி சரியாகப் பொருந்துகிறது. இதே அவரையைத் தையில் ஊன்றினால் தண்ணீர் எவ்வளவு ஊற்றினாலும் நம் விருப்பத்துக்கு ஆடாது.

கார்த்திகைக்கு அப்புறம் மழையில்லை, கர்ணனுக்கு அப்புறம் கொடையில்லை என்பார்கள். 2023 டிசம்பர் 17, மார்கழி முதல் நாள். அன்று தொடங்கின மழை மறுநாள் காலைக்குள் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை மீறியது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகள் நூற்றுக்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். கடற்கரையோரம் விழுந்ததோடு ஒப்பிட்டால் எங்களுக்கு வந்தது குறைவு. ஆனால் சிறுகிழங்குக்குக் குறைவும் அதிகமும் ஒன்றுதான். தோண்டுவதற்கு மூன்று நான்கு வாரம் இருக்கிற கிழங்கு, தண்ணீர் கட்டிய மண்ணில் இரண்டு நாள் இருந்தால் கொழகொழத்துவிடும். ராத்திரியில் டார்ச் வெளிச்சத்தில் பாரின் தலைமாட்டை வெட்டிவிட்டுத் தண்ணீரைத் தெருவுக்குத் திருப்பின வீடுகள் எங்கள் தெருவில் பல. வெட்டின வாய்க்கால் அடுத்த வீட்டுப் புறவாசலுக்குப் போனதில் சில சண்டைகளும் உண்டு. பழமொழி பொய்த்துவிட்டதே என்று அப்புறம் பலரும் பேசினார்கள். செடிகள் பழமொழியை நம்பி இருக்கவில்லை; அவை நம்பியது இரவின் நீளத்தை. அது அந்த வருஷமும் தன் கணக்கில் ஒரு நொடி பிசகவில்லை. மேகம் என்ன செய்யும் என்பதை மட்டும் எந்தச் செடியாலும் அளக்க முடிவதில்லை.

மழை வெறித்தபின் மார்கழியின் வேலைகள் சில்லறை வேலைகள். அவரைப் பூங்குச்சியில் கரும்பேன் அப்பும். விடிகாலையில் இலையில் பனி ஈரம் இருக்கும்போதே அடுப்புச் சாம்பலைச் சலித்துத் தூவிவிட வேண்டும், ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். ஏழரை மணிக்கு மேல் தூவினால் காற்றோடு போகும். கேஸ் அடுப்பு வந்தபின் சாம்பலுக்கு டீக்கடையைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது, அதிலும் விறகுக் கடை குறைந்துகொண்டே வருகிறது. முருங்கைத் தூரில் கம்பளிப்பூச்சி கம்பளம் விரித்த மாதிரி அப்பிக் கிடக்கும். நீளக் கம்பில் துணி சுற்றிக் கொளுத்திக் காட்டுவார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை, பட்டையும் சேர்ந்து வேகிறது. கொத்தமல்லியும் வெந்தயமும் இந்த ஒன்றரை மாதம்தான் முகம் சுளிக்காமல் வளரும். டிசம்பர் பூ பெயருக்கேற்றபடி வந்து நிற்கும்.

வாசல் கோலத்துக்குச் சாணியில் குத்தி வைக்கப் பூசணிப்பூ கேட்டுப் பிள்ளைகள் வரும். பறிக்க விடுவதற்கு முன்னால் ஆச்சி ஒரு விதி வைத்திருப்பாள்: காம்பு நீண்ட பூ மட்டும். அடியில் உருண்டையாகப் பிஞ்சு திரண்டிருக்கிற பூவைத் தொட்டால் கை முறியும் என்று மிரட்டுவாள். நீண்ட காம்புள்ளது ஆண்பூ. கோடையில் இந்தக் குடும்பத்துக் கொடிகள் ஆண்பூவாகத் தள்ளும். இரவு நீண்டு குளுமை கூடினால் பெண்பூ பெருகும். கோலத்துக்கும் குழம்புக்கும் இரண்டுக்கும் கட்டுப்படியாகிற மாதம் இதுதான்.

இரவு நீளுகிறது என்று பொதுவாகச் சொல்கிறோம், ஆனால் அது இரு முனையிலும் ஒரே மாதிரி நீளுவதில்லை. எங்கள் பாகையில் பொழுது மிகச் சீக்கிரம் சாய்வது கார்த்திகை பிறக்கிற நாட்களில். ஆறு மணிக்கு முன்பே சூரியன் மலைக்கு அந்தப் பக்கம் போய்விடும். மார்கழியில் ஆண்டின் மிகக் குறுகிய பகல் வரும்போது சாயங்காலம் ஏற்கெனவே கொஞ்சம் கொஞ்சமாக நீளத் தொடங்கியிருக்கும். விடியல் மட்டும் பிந்திக்கொண்டே போய், தை நடுவில்தான் மிகத் தாமதமாக ஆறரையைத் தாண்டி விடியும். பூமி சூரியனைச் சுற்றும் பாதை சரியான வட்டமாக இல்லாததும், பூமியின் அச்சு சாய்ந்திருப்பதும் சேர்ந்து செய்கிற கோளாறு. சாயங்காலம் மிகச் சீக்கிரம் இருட்டுகிற மாதத்தில் வாசலெங்கும் அகல் வைக்கிறோம். விடியல் பிந்துகிற மாதத்தில் இருட்டோடு எழுந்து கோலம் போடுகிறோம். யாரும் கணக்குப் பார்த்து ஏற்படுத்தியதென்று நான் சொல்ல வரவில்லை. புறவாசலில் நின்று பார்க்கிறவனுக்கு இது பொருந்தி வருகிறது, அவ்வளவுதான்.

பொங்கலுக்கு முந்தின வாரம் சிறுகிழங்கு இலை பழுத்துச் சாயும், அதுதான் தோண்டச் சொல்கிற அடையாளம். குற்றாலத்தில் சித்திர சபைக்குத் திருவாதிரைக் கூட்டம் போய்வருகிற நாட்களில் முன்கூட்டியே ஒரு பார் தோண்டிவிடுவோம். களிக்குத் தொட்டுக்கொள்கிற கூட்டுக்கு இது இல்லாமல் ஆகாது. மண்ணிலிருந்து வருவது கொட்டைப்பாக்கு அளவிலிருந்து எலுமிச்சை அளவு வரை, கறுத்த தோலோடு. அதை ஒவ்வொன்றாகச் சீவினால் பொங்கல் முடிந்துவிடும். சாக்கில் போட்டுக் கட்டி, துவைக்கிற கல்லில் நாலு அடி அடித்து உருட்டினால் தோல் பாதி கழன்றுவிடும். மிச்சத்தைக் கையால் தேய்க்க வேண்டும். விரல் நுனியெல்லாம் கறுத்து, இரண்டு மூன்று நாள் போகாது. தைப் பிறப்பன்று எங்கள் தெருவில் யார் கையைப் பார்த்தாலும் எந்த வீட்டில் என்ன வேலை நடந்தது என்று தெரியும்.

இந்தக் காலக் கட்டுப்பாட்டை உடைக்கவும் ஆட்கள் வேலை செய்திருக்கிறார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் இருக்கிற மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் 1993-இல் ஸ்ரீதாரா என்ற சிறுகிழங்கு ரகத்தை வெளியிட்டது. கேரள வேளாண் பல்கலைக்கழகம் திசு வளர்ப்பில் உருவாக்கிய சுபலா என்கிற ரகம் இரவின் நீளத்தைக் கண்டுகொள்ளாது, எந்த மாதத்தில் நட்டாலும் கிழங்கு பிடிக்கும். கோயம்புத்தூர் பல்கலைக்கழகத்தின் கோ வரிசைக் குத்து அவரைகளும் அப்படியே. பட்டம் பார்க்காது, பந்தல் கேட்காது. ஐயப்பமார் மாலை போட்ட கார்த்திகையில் காய் விலை ஏறி, சித்திரையில் விற்க ஒன்றுமில்லாமல் நிற்கிற விவசாயிக்கு இது வரம். அதைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. அவன் சந்தைக்குப் பதில் சொல்ல வேண்டியவன். வீட்டுத் தோட்டக்காரனுக்கு அந்த நெருக்கடி இல்லை. எல்லா மாதமும் காய்க்கிற அவரை வேண்டுமென்றால் மார்க்கெட்டுக்குப் போனால் போதுமே. புறவாசலில் ஒன்றை வைத்துக்கொள்வதே, அது தன் இஷ்டத்துக்கு மூன்று மாதம் நம்மைக் காக்க வைக்கட்டும் என்பதற்குத்தான் என்று நினைக்கிறேன். இதை ஆச்சியிடம் சொன்னபோது, "காக்க வைக்கவா செடி வளக்கேன்? கறிக்குல்லா வளக்கேன்" என்றாள்.

தோண்டின கிழங்கில் நடுத்தரமானதாகப் பொறுக்கி, ஓலைப்பெட்டியில் மணல் போட்டு விதைக்கு வைப்பார்கள். வேரில் முடிச்சு முடிச்சாக வீங்கியிருக்கிற செடியின் கிழங்கை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சேர்க்கக்கூடாது. அது நூற்புழுவின் வேலை, விதையோடு அடுத்த வருஷத்துக்கும் வரும். நூற்புழு கண்ட பாரில் மறுபடி சிறுகிழங்கு போடாமல், ஸ்ரீபத்ரா என்கிற சீனிக்கிழங்கு ரகத்தைப் போடச் சொல்கிறது ஸ்ரீகாரியம். புழு அதன் வேருக்குள் போகும், உள்ளே பெருக முடியாமல் தீர்ந்துபோகும். இரண்டாவது பாருக்கு அதன் கொடி ஒரு கட்டு கேட்டு வைத்திருக்கிறேன். தெருவிளக்கு மூலையில் வருகிற ஆடியில் அவரை கிடையாது. தக்காளியும் கத்தரியும் வைக்கலாம் என்று இருக்கிறேன். இரவு எவ்வளவு நீளம் என்பது அவை இரண்டுக்கும் ஒரு பொருட்டில்லை. ஆச்சி அந்த இடத்துக்குக் கறிவேப்பிலைதான் சரி என்கிறாள்.